உண்ணிக் காய்ச்சல்: கறுப்புப் பொருக்கைக் கவனியுங்கள்
(மங்கலம்பேட்டையில் தாய்மார்களுக்கு ஆற்றிய சுகாதார உரை)



மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் காய்ச்சல் வராத வீடு குறைவு. "சாதாரணக் காய்ச்சல்தாங்க, ரெண்டு மாத்திரை போட்டா சரியாப் போயிடும்" என்று இருந்துவிடுகிறோம். அநேகமாகச் சரியாகியும் விடும். ஆனால் நாலைந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி என்றால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டர்கள் இதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மா காடுகளில் படைவீரர்களை வாட்டிய நோய்தான் இது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இந்த நோய் பரவியபோது பொதுச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தது.

எப்படி வருகிறது?

மாட்டின் மேல் பார்க்கிறோமே, அந்தப் பெரிய உண்ணி அல்ல இது. அதற்கு உறவான ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. எலி நடமாடும் புதர், வரப்புப் புல், முந்திரித் தோப்புச் சருகு ஆகிய இடங்களில் இருக்கும். நாம் விறகு பொறுக்கும்போதும் புல் அறுக்கும்போதும் மேலே ஏறிக் கடிக்கும். அதன் வழியாக ஓரியன்சியா என்ற கிருமி உடம்பில் புகும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் காணும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

நாய் உண்ணி கடித்தும் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு காய்ச்சல் வருவதுண்டு. அதில் உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றும்.

உடம்பே காட்டும் அடையாளம்

கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது, அரிக்காது. அதனால் இருப்பதே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடுப்பு, காதுக்குப் பின்புறம் ஆகிய மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். "டாக்டர்கிட்ட இதையெல்லாம் எப்படிங்க காட்டுறது?" என்று கூச்சப்பட்டு மறைத்தால் நோயும் மறைந்தே இருக்கும். நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துச் சொல்வார். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. அது இல்லை என்பதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது.

கிருமியின் கைரேகை

இந்தக் கிருமி நம் உடம்பின் உயிரணுவுக்குள் குடியிருப்பது. மற்றக் கிருமிகளைப் போல ஆய்வகத் தட்டில் வளர்த்துக் காண முடியாது. 1916-ல் கண்டுபிடித்த வெயில்-பெலிக்ஸ் ரத்தப் பரிசோதனை பலரைத் தவறவிட்டுவிடும். இப்போது செய்யும் எலிசா பரிசோதனை அதைவிட நல்லது. ஆனால் கிருமியை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் பொருளைத்தான் அது தேடுகிறது. அந்தப் பொருள் ரத்தத்தில் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

அதற்கு முன்பே கண்டறிய உதவுவது மரபணுப் பரிசோதனை. மனிதருக்குக் கைரேகை போல, ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கே உரிய மரபணு உண்டு. ரத்தத்திலிருந்தோ அந்தப் பொருக்கிலிருந்தோ சிறிது எடுத்து, பி.சி.ஆர். என்ற இயந்திரத்தில் வைப்பார்கள். ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக அந்த மரபணுத் துண்டு பெருகும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். அப்புறம் அது ஒளிந்துகொள்ள முடியாது. ஸ்க்ரப் டைபஸா, நாய் உண்ணிக் காய்ச்சலா என்பதும் இதில் பிரிந்து தெரியும். ஓரியன்சியாவிலேயே கார்ப், கேட்டோ என்று பல வகைகள் இருப்பதையும் மரபணு காட்டியிருக்கிறது. இந்த நோய்க்குத் தடுப்பூசி அமையாததற்கு இத்தனை வகைகள் இருப்பதும் ஒரு காரணம்.

ஒரு வேண்டுகோள்: பொருக்கை நீங்களே பிய்த்து எறியாதீர்கள், மஞ்சள் அரைத்துப் பூசி மூடாதீர்கள். அதுதான் சாட்சி.

மருந்து இருக்கிறது

பரிசோதனை முடிவு வரும்வரை டாக்டர் காத்திருக்க மாட்டார். சந்தேகம் வந்ததுமே டாக்சிசைக்ளின் மாத்திரை தொடங்குவார். பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். பென்சிலின் ஊசி இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஆகவே கடையில் கேட்டு வாங்கிப் போடும் மருந்தால் நாள்தான் வீணாகும். நோய் முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை தாக்கும். முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் ஊசியில் சேர்த்துக் கொடுப்பது மேலும் பலன் தரும் என்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் சுமார் 800 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது.

கர்ப்பிணித் தாய்மார்கள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். இந்தக் காய்ச்சலால் கரு கலையலாம், குழந்தை வயிற்றிலேயே இறக்கவும் கூடும். இவர்களுக்கு அசித்ரோமைசின் கொடுப்பது வழக்கம். மாதம் எத்தனை என்பதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வராமல் காக்க

1. வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள். குப்பையும் சிந்திய தானியமும் எலியை வரவழைக்கும்.
2. துவைத்த துணியைப் புல்லிலோ வேலியிலோ போடாமல் கொடியில் உலர்த்துங்கள்.
3. காட்டு வேலைக்கு முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள். திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் அலசுங்கள்.
4. வெட்டவெளியில் ஒதுங்காமல் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள்.
5. குழந்தைகளைப் புல்தரையில் படுக்க வைக்காதீர்கள்.

காய்ச்சல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கோ போனால், "தோப்புக்குப் போயிருந்தேங்க, புல் அறுத்தேங்க" என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டருக்கு வழிகாட்ட அந்த ஒரு வார்த்தை போதும்.