முகக் காயங்களின் விலை

(அலுவலர் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

விபத்துகளைப் பற்றிய கணக்குகளில் உயிரிழப்பு முதலிடம் பெறுவது இயல்பே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். காயமுற்றோர் கொடுங்காயம், சிறுகாயம் என்ற இரு பிரிவுகளுக்குள் அடங்கிவிடுகின்றனர். தாடை முறிந்தவர் எத்தனை பேர், முன்பற்களை இழந்தவர் எத்தனை பேர் என்பதை இப்பிரிவுகள் காட்டுவதில்லை. கணக்கில் இடம்பெறாத இழப்பு திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. ஆனால், யாரோ ஒருவர் அதற்கான விலையைச் செலுத்தியே தீரவேண்டும்.

மூவகைச் செலவு

பொருளாதார நோக்கில் ஒரு காயத்தின் செலவை மூன்றாகப் பிரிக்கலாம். மருத்துவத்திற்காகக் கையிலிருந்து செல்லும் பணம் நேரடிச் செலவு. வேலைக்குச் செல்ல இயலாமையால் இழக்கப்படும் வருவாய் மறைமுகச் செலவு. வலி, உருக்குலைவு, தன்னம்பிக்கை இழப்பு ஆகியவை பணத்தால் எளிதில் அளக்கவொண்ணாதவை.

நேரடிச் செலவில் பல்லுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. முறிந்த கை எலும்பு கூடிவிட்டால் பெரும்பாலும் செலவு முடிந்துவிடும். பல்லின் நிலை அவ்வாறன்று. வேருடன் பெயர்ந்து விழுந்த நிலைப்பல்லைப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் கொண்டு சென்றால், அதனை மீண்டும் பொருத்தும் வாய்ப்பு மிகுதி. இரண்டு வார காலம் அதனை அருகிலுள்ள பற்களோடு பிணைத்து வைத்தல் வேண்டும். அதன்பின் வேர் சிகிச்சை, பின்னர் பல் உறை எனச் செலவு தொடரும். காலம் தாழ்ந்து பல் இழக்கப்பட்டாலோ செயற்கைப் பல் தேவை. எட்டு வயதுச் சிறுவனுக்குத் தாடை வளர்ச்சி முடியும்வரை எலும்பில் பல் பதிக்க இயலாது. அதுவரை தற்காலிகப் பல்; பின்னர் நிலையான பல்; ஆண்டுகள் கழிந்தபின் அதற்கும் மாற்று. ஒரு நொடியில் நேர்ந்த காயம் வாழ்நாள் முழுவதும் தொடரும் பராமரிப்புச் செலவாகி விடுகிறது.

மறைமுகச் செலவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாளொன்றுக்கு 600 ரூபாய் ஈட்டும் கட்டடத் தொழிலாளி ஒருவருக்குக் கீழ்த்தாடை முறிந்ததாகக் கொள்வோம். தாடைகளைக் கம்பியால் பிணைத்தால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை கஞ்சியும் பாலுமே உணவு. கடின உழைப்பிற்கு அவ்வுணவு போதாது. ஆறு வாரங்களில் 36 வேலை நாட்களை இழந்தால் 21,600 ரூபாய் வருவாய் போயிற்று. மருத்துவத்திற்கென 50,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு அவர் வாங்கினால், மாத வட்டி மட்டுமே 1,500 ரூபாய். ஓராண்டில் வட்டி 18,000 ரூபாயாகிறது. அசலோ அப்படியே நிற்கிறது. தாடை கூடியபின்னும் கடன் கூடிக்கொண்டே செல்வதுதான் ஏழைக் குடும்பத்தின் உண்மையான காயம்.

சட்டம் தரும் மதிப்பு

சட்டம் முகத்தைக் குறைவாக மதிப்பிடவில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் முகத்தின் நிரந்தர உருக்குலைவையும், எலும்போ பல்லோ முறிவதையும் இடம்பெயர்வதையும் கொடுங்காயமாகவே கருதியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவும் அவ்வாறே கருதுகிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மிகக் கடுமையான முக உருக்குலைவை 100 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பாகக் கொண்டது. ஆனால் அதன் அட்டவணையில் பல் இழப்பிற்கென ஒரு வரியும் இருக்கவில்லை. தண்டனைச் சட்டத்தில் கொடுங்காயமாக விளங்குவது இழப்பீட்டு அட்டவணையில் பெயரின்றி நிற்பது சிந்தனைக்குரியது.

யார் செலுத்துகின்றனர்?

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இது போற்றத்தக்க முன்னேற்றம். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பமொன்றுக்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை அளிக்கிறது. வாய், முகத்தாடை அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும். 2025 மே மாதம் அறிவிக்கப்பெற்ற திட்டத்தின்கீழ், சாலை விபத்தில் காயமுற்றோர் ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குப் பணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

இவை உயிரையும் எலும்பையும் காக்க உதவுவன. எனினும் பல் சீரமைப்பு ஏழு நாட்களில் முடிவதன்று. பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிச் செய்யப்படுவதும் அன்று. மாதங்கள் கழித்து, புறநோயாளியாகப் பெறப்படுவது அது. ஆகவே திட்டங்களின் எல்லை முடியுமிடத்தில் குடும்பத்தின் செலவு தொடங்குகிறது.

அலுவலர் ஆற்றக்கூடியவை

தடுப்பே மலிவான மருத்துவம். 2022-இல் தலைக்கவசம் அணியாமல் உயிரிழந்தோர் 50,029 பேர். 2021 ஜூன் முதல் இருசக்கர வாகனத் தலைக்கவசங்களுக்கு இந்தியத் தர நிர்ணய முத்திரை கட்டாயமாக உள்ளது. உச்சந்தலையை மட்டும் மூடும் கவசம் தாடைக்கும் பல்லுக்கும் காவலாகாது. முகவாயையும் சூழ்ந்த முழுக்கவசமே அப்பணியைச் செய்யும். அபராதத்திற்கு அஞ்சித் தலையில் கவிழ்க்கும் தொப்பிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி, கல்லூரிகளில் எடுத்துரைத்தல் வேண்டும்.

அடுத்தது பதிவு. விபத்து இழப்பீடு குறித்து 2010-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, எதிர்கால மருத்துவச் செலவும் கோரத்தக்கதே என வகைப்படுத்திற்று. ஆனால் அதற்குத் திட்டவட்டமான மருத்துவச் சான்று வேண்டும் என்றும் கூறிற்று. ‘வாயில் காயம்’ என்ற இரு சொற்களோடு காயச்சான்று முடிந்துவிட்டால், பின்னாளில் எந்தப் பல், எத்தனை பல் என்று தொழிலாளி எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்? முறிந்த பல்லின் எண், இடம், பின்னர் தேவைப்படும் சிகிச்சை, அதன் மதிப்பீடு ஆகியவற்றை முதல் நாளிலேயே பல் மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்வதற்குப் புதிய சட்டமோ புதிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மாவட்ட மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் சிறிது கவனமே தேவை. அவ்வாறு எழுதப்படும் நான்கு வரிகள், ஒரு குடும்பத்தைப் பல்லாண்டுக் கடனிலிருந்து காக்கும் ஆவணமாக அமையக்கூடும்.