வார்ப்பு நாள் குவார்ட்டரும் தோட்டத்துக் கள்ளும்

(தேவராவில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"போதை, போர், பண்பாடு" என்று மலை போன்ற தலைப்பைக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும் என்கிறார் நம் செயலாளர். மட்டாஞ்சேரிக்கும் வாத்துருத்திக்கும் திரும்பிப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நம்முடைய கான்கிரீட் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

மாடி வார்ப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது, கலவை இறுகிவிடும். இருட்டினாலும் மழை பிடித்தாலும் முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டால் மேஸ்திரி என்ன செய்கிறார்? தோளில் கை போட்டு, "இன்னைக்கு ஆளுக்கு ஒரு குவார்ட்டர் உண்டுப்பா" என்கிறார். நாமும் சிரித்துக்கொண்டே சாரம் ஏறுகிறோம். நானும் ஏறியவன்தான். 11 வருடம் ஏறினேன். ஒரு நாள் என் மனைவி, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்த மாதம் 4 வார்ப்பு. ஒவ்வொன்றிலும் 5 மணி நேரம் கூடுதல். ஆக 20 மணி நேரம். இரண்டரை நாள் கூலி! அதற்குப் பதிலாக வீட்டுக்கு வந்தது வாந்தியும் வசவும். அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. கணக்கை மட்டும் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தோழர்களே, இந்தத் தந்திரம் நம் மேஸ்திரி கண்டுபிடித்ததல்ல. நமக்கு முன்னால் பிழைக்கப் போன தமிழர்கள் மேல் இதே வலை வீசப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி மலாயாவின் ரப்பர்க் காட்டுக்குப் போனார்களே, அவர்களைச் சொல்கிறேன். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. உரிமம் கொடுத்தது வெள்ளைக்கார அரசாங்கம். கடையை நடத்தியது தோட்ட நிர்வாகம். காலையில் துரை கொடுத்த கூலி மாலையில் கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போனது. கேட்டால், கள் உடம்புக்கு நல்லது, அதைத் தடுத்தால் கூலிகள் திருட்டுச் சம்சு குடித்துச் சாவார்கள் என்று வாதம் பேசினார்கள். தொழிலாளியின் உடம்பின் மேல் முதலாளிக்கு அக்கறை வந்தால், அங்கே ஒரு கடை இருக்கிறது என்று அர்த்தம்.

1941-ஆம் ஆண்டு. ஐரோப்பாவில் யுத்தம். யுத்தத்துக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். தோட்டக்காரர்களுக்கு நல்ல காலம். பால் வெட்டுகிறவனுக்குப் பழைய காலமே. கிள்ளான் வட்டாரத்துத் தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைக் கவனியுங்கள்: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும். கூலியும் மானமும் கள்ளும் அவர்களுக்கு ஒரே பட்டியலில் இருந்தன. அவர்களுக்குத் துணை நின்ற 'தமிழ் நேசன்' துணையாசிரியர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் மேல் யுத்தத்துக்காக வைத்திருந்த துப்பாக்கி திரும்பியது!

அந்த டிசம்பரிலேயே ஜப்பான்காரன் வந்தான். துரைமார் ஓடினார்கள், தமிழன் ஓட வழியில்லை. சயாம்-பர்மா ரயில் பாதை போட, மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தமிழர். சுமார் 415 கிலோமீட்டர் பாதை, 1943-இல் முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் எத்தனை ஆயிரம் பேர் காட்டிலேயே மண்ணாகிப் போனார்கள்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. யுத்தம் முடிந்து மிச்சமிருந்தவர்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது, கெடா மாநிலத்தில் பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் முன்நின்று "தொண்டர் படை" என்று ஒன்றைக் கட்டினார்கள். நேதாஜியின் படையில் பழகிய அணிவகுப்பை இளைஞர்கள் தோட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எதை எதிர்த்து முதலில் அணிவகுத்தார்கள் தெரியுமா? கள்ளுக்கடையை! மறியல் செய்தார்கள்; பெண்களும் கூட நின்றார்கள். 1947-இல் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் பாய்ந்து ஒரு தொழிலாளி உயிர் விட்டார். டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடே நடந்தது. கள்ளை நிறுத்தினால் அரசாங்கம் ஏன் சுட வேண்டும்? தெளிந்த தொழிலாளி கணக்குக் கேட்பான். என் மனைவி கேட்டாளே, அதுபோல.

சரி, முன்வரிசையில் இருக்கும் பெரியவர் கூட்டம் தொடங்குமுன்பே என்னைப் பிடித்துக்கொண்டார்: "தம்பி, குடி நம்ம பண்பாடுய்யா. கருப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் வைக்காம கும்பிட முடியுமா?" ஐயா, நான் மறுக்கவில்லை. புறநானூற்றில் கள் இருக்கிறது. ஆநிரை கவர்ந்து வந்த மறவர்கள் கள்ளுண்டு களிப்பதற்கு "உண்டாட்டு" என்று துறையே வகுத்திருக்கிறார்கள். ஆனால் அதே தமிழில் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 1921-இல் ஈரோட்டில் பெரியார் சிறை சென்றபோது நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலை நடத்தினார்களே, அதுவும் நம் பண்பாடுதான். கருப்பன் வருடத்துக்கு ஒரு தடவை கேட்கிறார். மேஸ்திரி வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறார். இரண்டும் ஒன்றா?

போரும் போதையும் பழைய கூட்டாளிகள். அபினியைச் சீனாவுக்குள் விற்றே தீருவேன் என்று வெள்ளைக்காரன் போர் தொடுத்தபோது, சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும் கப்பலேற்றப்பட்டார்கள். 1841 மே மாதம் காண்டன் நகருக்கு வெளியே கொட்டும் மழையில், சென்னை 37-ஆம் படையின் ஒரு பிரிவு வழி தவறி, மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்காமல், ஆயிரக்கணக்கான சீன விவசாயிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அபினி வங்காளத்துடையது, லாபம் லண்டனுடையது, நனைந்து நின்றவன் நம்மவன். இங்கே ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துவைக்கிற நம் உறவுகளின் முன்னோர்களும், டச்சுப் பட்டாளத்தின் உடுப்பு வெளுக்கவே கொண்டுவரப்பட்டார்கள் என்பதுதானே வழிவழிச் செய்தி?

இனி நம் கரைக்கு வருகிறேன். 1982 ஓணத்தின்போது எதிரே வைப்பீனில் விஷச் சாராயம் குடித்து 77 பேர் இறந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தார்கள். அன்று கோஸ்ரீ பாலம் கிடையாது. துடிக்கிறவர்களைப் படகில் ஏற்றி எறணாகுளம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2024 ஜூனில் நம் ஊர்ப் பக்கம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட சாவு. இரண்டு இடத்திலும் ஒரே விஷம், மெத்தனால். இது குடித்தவுடன் காட்டிக்கொடுக்காது. கல்லீரலில் போய் வேறு விஷமாக மாறி, கண் நரம்பைத் தின்னும். மறுநாள் கண் முன்னே பனி மூட்டம் போலத் தெரிந்தால், வயிறு பிரட்டினால், "தூங்கினால் சரியாகிவிடும்" என்று படுக்கப் போடாதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயப்படாதீர்கள். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரி. என்ன குடித்தான் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹான்ஸ் பொட்டலத்தில் தொடங்கி கஞ்சாவுக்குப் போய், இப்போது எம்.டி.எம்.ஏ. என்ற தூள் கொச்சியில் நடமாடுகிறது. "இந்தப் பொட்டலத்தை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வா, 500 ரூபாய்" என்று நம் பையனிடம் சொல்வார்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தூள் 10 கிராமுக்கு மேல் இருந்தாலே வணிக அளவு. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 10 ஆண்டு சிறை; ஜாமீன் லேசில் கிடைக்காது. கொடுத்து அனுப்பியவன் பெயர் பேப்பரில் வராது. நம் பையன் பெயர் வரும். அன்றிலிருந்து தெருவில் நடக்கிற எல்லாத் தமிழனும் "பாண்டிக் கள்ளன்"தான். வீட்டு வாடகைக்கு ஆள் தேடும்போது அது உங்கள் தலையில் விழும்.

கடைசியாக, நிர்வாகக் குழு வைத்திருக்கும் தீர்மானம். வார்ப்பு நாளில் குவார்ட்டர் வேண்டாம். கூடுதல் மணிக்குக் கூலி, அதுவும் அன்றைக்கே, வேலையிடத்திலேயே, கடை வாசலில் அல்ல. தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஒரு மேஸ்திரி என்னை இரண்டு மாதம் கூப்பிடாமல் விட்டிருக்கிறார். அதனால்தான் பெயர் சேர்க்கிறோம். 50 பெயர் சேர்ந்த பிறகே மேஸ்திரிமாரிடம் பேசப் போவோம். ஆண்கள் மட்டுமல்ல, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்களும் எழுத வேண்டும். அவர்களுக்குக் குவார்ட்டரும் இல்லை, கூடுதல் கூலியும் இல்லை! நோட்டு வாசலில் என் மனைவியிடம் இருக்கிறது. போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.