பாயைச் சுருட்டினால் கூலியும் சுருங்கும்

(பனையோலை வேலை பழக முருங்கனுக்கு வந்திருந்த தோட்டத்து மகளிர் குழுவினரிடையே எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஓலை வாருவதையும் பாய் பின்னுவதையும் இங்குள்ள அம்மாமார் உங்களுக்குக் காட்டித் தந்தார்கள். பின்னியதை விற்பதுகூட இன்று பெரிய காரியம் இல்லை. வீட்டுப் பிள்ளைகள் போனில் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டால், கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் "எனக்கு ஒன்று அனுப்புங்க" என்று கேட்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆறடிப் பாயை எப்படி அனுப்புவது? அகன்ற சுளகை எப்படி அனுப்புவது? அனுப்புகிற கூலியே பாய் விலையைத் தின்றுவிட்டால், நாள்கணக்காய்க் குனிந்திருந்து பின்னியவளுக்கு என்ன மிச்சம்? இன்று நாங்கள் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முருங்கன் நமக்குப் புதிய ஊர் அல்ல. நம்ம பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கிய பிறகு, இந்த முருங்கன் ஸ்டேஷனைத் தாண்டித்தான் கோச்சியில் மலைக்குப் போனார்கள். 1964 ஒப்பந்தத்தின் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களும் இதே பாதையால் திரும்பினார்கள். 1990இல் யுத்தத்தால் நின்ற கோச்சி 2013இல் மடு வரையும், 2015இல் தலைமன்னார் வரையும் மறுபடி ஓடியது. நம்ம சனத்தை ஏற்றி இறக்கிய பாதை இது. இனி நம்ம கைவேலை இந்தப் பாதையால் போய் நமக்குக் காசு கொண்டு வரட்டும்.

முதலில் கூலி எப்படிப் போடுகிறார்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். தராசைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பதை நாள்தோறும் பார்க்கிறீர்கள். கூரியர்க்காரரின் தராசு வேறு மாதிரி. அவர் கழிப்பதில்லை, கூட்டுவார். பொருளின் நிறையோடு, அது வண்டியில் பிடிக்கிற இடத்தையும் நிறையாக மாற்றிப் பார்ப்பார். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்றிமீற்றரில் அளந்து பெருக்கி 5,000ஆல் பிரிப்பது வெளிநாட்டுக் கூரியர் கம்பனிகளின் பொதுவான கணக்கு. உள்நாட்டிலும் பெரிய பார்சலுக்கு இப்படிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு பாய் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 180 நீளம், 90 அகலம், 3 உயரம் என்று தட்டையாகக் கட்டினால் கணக்கில் 9.7 கிலோ வரும். அதே பாயைச் சுருட்டி, 90 நீளமும் 12 குறுக்களவும் உள்ள கட்டாக்கினால் 2.6 கிலோ. இன்னும் இறுக்கிக் குறுக்களவை 10 ஆக்கினால் 1.8 கிலோதான். கிலோவுக்கு 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்து, மிச்சத்தை முழுக் கிலோவாக எடுத்தால், முதல் கட்டுக்கு 1,000 ரூபாய், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 200. பாய் ஒன்றுதான். கூடக் கட்டுவதெல்லாம் காற்றுக்குக் கட்டுகிற காசு!

ஆகவே, சுருட்டக்கூடியதைச் சுருட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் ஓலைப்பாயை மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் வெடிக்கும். துணிக்கடையில் துணி சுற்றி வருகிற மட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதன்மேல் சுற்றினால் பாய் நசுங்காது. சுருட்டுவதற்கு முன் நல்ல வெயிலில் காயப்போடுங்க. ஈரத்தோடு பொலித்தீனில் கட்டிய பாய், நுவரெலியாக் குளிரில் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். கழுவிக் காயவைத்த பழைய உரப்பையை மேலே சுற்றி, சாக்கு ஊசியால் தைத்துவிட்டால் மழைக்கும் தாங்கும், செலவும் இல்லை.

சுளகைச் சுருட்ட முடியாது. அதை ஒன்றொன்றாக அனுப்பினால் கட்டாது. ஒன்றுக்குள் ஒன்றாக ஆறையோ பத்தையோ அடுக்கி ஒரே கட்டாக அனுப்பினால், ஒரு சுளகு பிடிக்கிற இடத்தைவிடச் சற்றுக் கூடுதலான இடமே போகும். எனவே தனி ஆளுக்கு விற்பதைவிட, ஒரு கடைக்கோ, ஒரு ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டாலோ விற்பது இலாபம். கண்ணாடி போட்ட படம் விற்பவர்கள், கண்ணாடியை வாங்குபவரே தன் ஊரில் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டு, சட்டத்தையும் படத்தையும் மட்டும் அனுப்புவது நல்லது.

அடுத்து, எதில் அனுப்புவது?

ஒரு பாய், இரண்டு பாய் என்றால் முதலில் தபால் கந்தோரில் விசாரியுங்க. கூரியர்க்காரர் வராத ஊருக்கும் தபால் போகும். பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதும் நடக்கிறது. ஆனால் எந்த பஸ், எத்தனை மணிக்கு, யார் வந்து எடுப்பது என்று மூன்றும் நிச்சயமாக இருந்தால் மட்டும் அனுப்புங்க.

பத்து, இருபது பாய் என்றால் கோச்சிப் பார்சலை விசாரிக்கலாம். முருங்கனிலிருந்து மதவாச்சி, பொல்காவலை வழியாக மலையகப் பாதைக்கு மாற வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் மலையகப் பாதைக்குப் பலத்த சேதம். ஆகையால் எந்த ஸ்டேஷன் வரை பார்சல் எடுக்கிறார்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்ட பிறகே கட்டைத் தூக்கிக்கொண்டு போங்க.

எல்லாவற்றிலும் மலிவு, சும்மா திரும்புகிற வண்டி. ஓகஸ்ட் மாத மடுத் திருவிழாவுக்குத் தோட்டங்களிலிருந்து எத்தனை வான், பஸ் வருகிறது! திரும்பும்போது மேலே பாய்க்கட்டு வைக்க இடம் இருக்கும். பாரம் இறக்கிவிட்டுத் திரும்பும் லொறிக்காரரும் குறைந்த கூலிக்கு ஏற்றுவார். ஆனால் மீன் லொறியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் பாய் மீன் மணக்கும்.

தோட்டத்துக்கு வருகிற பார்சலுக்கு இன்னொரு தொல்லை உண்டு. லயத்துக்கென்று தனி விலாசம் இல்லாமல், கடிதங்கள் தோட்டத்து ஒபீஸ் வழியாக வருவது நமக்குப் பழகிப்போன கஷ்டம். கூரியர்க்காரர் டிவிஷன் வரை ஏறி வர மாட்டேன் என்று டவுனிலிருந்து திரும்பினால், கூலி இரண்டு தரம் போகும். எனவே டவுனில் தெரிந்த ஒரு கடையின் விலாசத்தைச் சொல்லிவையுங்க. கட்டின்மேல் இரண்டு போன் நம்பர் எழுதச் சொல்லுங்க.

வெளிநாட்டுக்கு அனுப்புவோர் ஒன்றைக் கவனியுங்க. சர்வதேசத் தபாலில் சிறு பொதி 2 கிலோ வரைதான். பெட்டியாகக் கட்டினால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 90 சென்றிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக்கூடாது. ஆனால் சுருளாகக் கட்டினால் நீளம் 90 வரை போகலாம், நீளத்தோடு இரு மடங்கு குறுக்களவைக் கூட்டினால் 104க்குள் இருக்க வேண்டும். இரண்டரை அடி அகலப் பாய் 76 சென்றிமீற்றர். அதன் சுருள் 14 குறுக்களவு வரை இருக்கலாம். மூன்றடிப் பாய் என்றால் 90க்குச் சற்றுக் கூடிவிடும், எடுக்க மாட்டார்கள். ஆகவே பின்னத் தொடங்கும்போதே அளவைத் தீர்மானிக்க வேண்டும். அவுஸ்திரேலியா போன்ற நாடுகள் ஓலைச் சாமானில் பூச்சி இருக்கிறதா என்று சோதிக்கும். பொதியை அந்த நாட்டுக்கு எடுப்பார்களா என்று தபால் கந்தோரில் முன்கூட்டியே கேளுங்க.

கடைசியாக விலை. ஓலை, சாயம், கைக்கூலி, கட்டும் செலவு, அனுப்பும் கூலி ஐந்தையும் எழுதிக் கூட்டிய பிறகே விலை சொல்லுங்க. "கூலி இனாம்" என்று போட்டால், அது உங்கள் கைக்கூலியிலிருந்துதான் போகும். பொருள் கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கிற முறையில், வாங்குபவர் வேண்டாம் என்றால் திரும்பி வரும் கூலி உங்கள் தலையில் விழலாம். ஆகவே தெரியாத ஆளிடம் போகிற கூலியையாவது முன்னதாக வாங்கிக்கொள்ளுங்க.

தாய்மாரே, உங்கள் குழுவுக்கு ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும் போதும். அனுப்பும் ஒவ்வொரு கட்டின் அளவு, நிறை, கூலி, போய்ச் சேர்ந்த நாள் எல்லாவற்றையும் எழுதி வாருங்க. ஆறு மாதத்தில் எந்த வழி மலிவு என்று அந்தக் கொப்பியே சொல்லும். கொழுந்துத் தராசில் நம்ம கணக்கை நாமே பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தந்தார்கள். இந்தத் தராசிலும் அப்படியே பார்ப்போம்.