பத்தாவது ஆளின் பெயரையும் எழுதுவோம்

(நம் அறக்கட்டளை அரங்கில் நடந்த ஆம்பூர் வட்டாரச் சிறு பட்டறை நடத்துவோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

பெரிய ஷூ கம்பெனிகளுக்கு அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள் நம் பகுதியில் பல உண்டு. அவற்றில் சில, பதிவேட்டில் ஒன்பது பேரோடு நின்றுவிடுகின்றன. மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களோ பன்னிரண்டு, பதினான்கு பேர். காரணம் நமக்குத் தெரியும். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி, இருபது ஆனால் பி.எஃப். ஒருமுறை இவற்றுக்குள் வந்துவிட்டால் பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது.

இந்தச் சுமையை நாம் குறைத்துப் பேசவில்லை. பெரிய கம்பெனியில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பட்டறையில் வேலை பிடிப்பதும், மெஷின் பழுது பார்ப்பதும், சம்பளம் போடுவதும் ஒரே ஆள். மாதம் 15-ஆம் தேதிக்குள் தொகை கட்ட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. கம்பெனியிடமிருந்து நமக்கு வர வேண்டிய பணமோ மாதக்கணக்கில் நிற்கிறது. 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்புகளாக்கிய பிறகும் பத்தாவது ஆளோடு வரும் சுமை அப்படியே இருக்கிறது. சிறியவர்களுக்கு எளிய நடைமுறை வேண்டும் என்று கேட்பது நியாயமே.

ஆனால் பெயரை மறைப்பது அதற்கு வழியாகாது. கணக்கைப் பாருங்கள். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இ.எஸ்.ஐ.யில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். தொழிலாளி பங்கு 90 ரூபாய். பத்துப் பேருக்கு முதலாளி கட்டுவது மாதம் 3,900. அதற்கு அவர்கள் குடும்பங்களுக்கே வைத்தியம் கிடைக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். முதல் இரண்டு பேறுகாலத்துக்கு 26 வாரச் சம்பளம். தையலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள்தானே!

பதிவு இல்லாத பட்டறையில் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் வேலையின்போது விபத்தில் இறந்தால்? 12,000 சம்பளத்துக்குச் சட்டப்படியான இழப்பீடு 12 லட்சத்துக்கும் மேல். அதை முதலாளியே தர வேண்டும். ஒன்பதில் நின்றால் தப்பித்தோம் என்று நினைப்பவர், இந்த ஆபத்தைத் தனியாகச் சுமக்கிறார். மனைவி பெயரில் இன்னொரு பட்டறை என்று பிரித்துக் காட்டினாலும், நிர்வாகம் ஒன்றென்றால் அதிகாரிகள் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

கையில் 90 ரூபாய் குறையும் என்று தொழிலாளியே மறுப்பதும் உண்டு. அவரை உட்கார வைத்து விளக்குவது நம் பொறுப்பு. கடனை எழுதி வைக்கச் சொல்லும் 2:282 குர்ஆனின் மிக நீண்ட வசனம். கொடுக்கல் வாங்கலுக்கே அவ்வளவு கவனம் என்றால், உழைப்பவரின் ஹக்கு எழுதப்படாமல் இருக்கலாமா?

பதிவில் நமக்கும் பலன் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, வேலை கொடுத்த கம்பெனி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் முறையிடலாம். உத்யம் பதிவு இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். அந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

எனவே நாம் கேட்டுக்கொள்வது மூன்று. வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரும் சம்பளமும் பதிவேட்டில் இருக்கட்டும். உத்யம் பதிவு இல்லாதவர்கள் இந்த மாதமே பதிந்துகொள்ளுங்கள். தனியாக ஆடிட்டர் வைக்க முடியாதவர்கள் ஐந்தாறு பட்டறைகளாகச் சேர்ந்து ஒரு கணக்கரை வையுங்கள். அவர் உட்கார அறக்கட்டளை அலுவலகத்தில் இடம் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

நம்மிடம் வேலைக்கு வருபவர்கள் நமக்கு அமானிதம். நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.