கூப்பிட்டால் வர வேண்டுமா?



பரிசளிப்பு நாளிலே வாத்தியார் நாயைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரிக்காதீர்கள். பிரிஞ்சாங் மலைப்பாதையில் காய்கறி லோரி வளைந்து வரும்போது, "நில்" என்ற ஒரு சொல்லுக்கு நாய் நின்றால் அதன் உயிர் தப்பும். பின்னாலே ஓடுகிற பிள்ளையின் உயிரும் தப்பும்.

பழக்குவது எப்படி? பிஸ்கோத்துத் துண்டை நாயின் மூக்குக்கு மேலே பிடித்து, மெல்லப் பின்பக்கம் கொண்டு போங்கள். தலை நிமிரும், பின்புறம் தானாகத் தரையில் படியும். அந்த நொடியே "உட்கார்" என்று சொல்லித் துண்டைக் கொடுங்கள். தாமதித்தால் எதற்குக் கிடைத்ததென்று அதற்குப் புரியாது. தினமும் 5 நிமிடம் போதும். அப்பா "உட்கார்", அம்மா "குந்து", தம்பி "சிட்" என்றால் பாவம், அது என்னதான் செய்யும்? வீட்டுக்கு ஒரே சொல் வேண்டும்.

1904இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய அறிஞர் பாவ்லோவ், சோற்றுக்கு முன் வழக்கமாய்க் கேட்கும் ஓசைக்கே நாயின் வாயில் நீர் ஊறுவதைக் காட்டினார். அப்படியானால், "வா" என்று கூப்பிட்டு அடித்தால், "வா" என்பதற்கு அடி என்றுதானே பொருள்? பிறகு வருமா?

ஆசிரியர் பயிற்சியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதினேன். இருந்தும் பிரம்பைத்தான் நம்பினேன். ஒருநாள், நன்றாக எழுதிய பையனைப் பாராட்ட "இங்கே வா" என்றேன். அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டான். அன்றோடு பிரம்பை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பெற்றோர்களே, ரிப்போர்ட் கார்டோடு பிள்ளை வந்தால், முதலில் பயமில்லாமல் பக்கத்தில் வரவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.