கதவைச் சாத்தியது யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: அமெரிக்காவில் எந்தக் கட்சியையும் சாராத வாக்காளர்கள் பெருகக் காரணம் கட்சிகள் மக்களை விட்டு விலகியதா, மக்கள் பொறுப்பை விட்டு விலகியதா? ‘கட்சிகள் விலகியதே’ என்ற அணியில், பென்சில்வேனியாவில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் ஆற்றிய உரை.)

பொங்கல் சாப்பாடு முடிந்த பிறகும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் என்ன சொன்னார்? “கட்சி சாராதவர்கள் எல்லாம் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டு சாம்பாரில் உப்பு இல்லை என்று குறை சொல்கிறவர்கள்” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஒரு சந்தேகம் நடுவர் அவர்களே. வெளியே நிற்கிறவன் தானாகப் போய் நிற்கிறானா? இல்லை, வாசலில் ஆள் நிறுத்தி அவனை வெளியே வைத்திருக்கிறார்களா? அதைப் பார்க்க வேண்டாமா? (கைதட்டல்)

நம்ம ஊரில் சுயேச்சை என்றால் யார்? வேட்பாளர். 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் குறையை ஊருக்குக் காட்ட, கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டையே புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாகிவிட்டது! ஓட்டுப் போடப் போனவர், தான் போட நினைத்த பேரைத் தேடி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். (சிரிப்பு)

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே வேட்பாளர் சுயேச்சையாக நின்று ஜெயிப்பது குதிரைக்கொம்பு. 100 பேர் கொண்ட செனட் சபையில் சுயேச்சைகள் இரண்டே பேர். வெர்மான்ட்டின் பெர்னி சாண்டர்ஸ், மெய்ன் மாநிலத்தின் ஆங்கஸ் கிங். அவர்களும் சபையில் ஜனநாயகக் கட்சியோடுதான் உட்காருகிறார்கள். ஆனால் வாக்காளர் இருக்கிறாரே, அவர்தான் அங்கே பெரிய சுயேச்சை!

கேலப் நிறுவனம் வருஷா வருஷம் கேட்கிறது: “நீங்கள் ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா, எதுவும் இல்லையா?” 1988-இல் எதுவும் இல்லை என்றவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். 2014-இல் 100-க்கு 43 பேர். 2023-இலும் 43. அந்த 2023-இல் ஜனநாயகக் கட்சி என்றவர் 27, குடியரசுக் கட்சி என்றவரும் 27. அதாவது, இரண்டு கட்சிகளில் எதை எடுத்தாலும், அதைவிடப் பெரிய கூட்டம் கட்சியில்லாத கூட்டம்! இந்த 43 பேரும் பொறுப்பில்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொல்ல, எதிரணி அண்ணனுக்கு மனசு வருமா?

உடனே அவர் இன்னொரு கணக்கை எடுத்து நீட்டினார். “அம்மா, இவங்க பேருக்குத்தான் சுயேச்சை. துருவிக் கேட்டால் ஏதோ ஒரு பக்கம் சாய்வாங்க” என்றார். அது உண்மைதான். நான் மறைக்கப் போவதில்லை. 2019-இல் பியூ ஆய்வு மையம் சொன்ன கணக்கை நானே தருகிறேன். 100-க்கு 38 பேர் சுயேச்சை என்றார்கள். எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று கேட்டபோது 17 பேர் ஜனநாயகக் கட்சிப் பக்கம், 13 பேர் குடியரசுக் கட்சிப் பக்கம். எந்தப் பக்கமும் சாயாதவர் வெறும் 7 பேர்.

நடுவர் அவர்களே, இந்தக் கணக்கு யாருக்குச் சாதகம்? எனக்குத்தான்! ஓட்டுப் போடுகிறான், ஆனால் பேரைச் சொல்லக் கூசுகிறான் என்றால் என்ன அர்த்தம்? மாமா வீட்டில் சாப்பிடுகிறவன், வெளியில் வந்து “அவர் எனக்கு மாமா இல்லை” என்கிறான். அப்போ மாமா என்ன செய்து வைத்திருக்கிறார் என்றுதானே கேட்கணும்? (சிரிப்பு, கைதட்டல்) சமாரா கிளார், யானா கிருப்னிகோவ் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். கட்சிச் சண்டையைப் பார்த்துப் பார்த்து, கட்சிக்காரர் என்று தெரிந்தால் நம்மையும் அந்தச் சண்டைக்காரர் வரிசையில் வைத்துவிடுவார்களே என்று கூசித்தான் பலர் ஒதுங்குகிறார்கள் என்பது அவர்கள் கண்டது.

சரி, ஒரு காலத்தில் மக்கள் ஏன் கட்சியோடு ஒட்டிக்கொண்டு இருந்தார்கள்? கட்சி அவர்களோடு ஒட்டிக்கொண்டு இருந்தது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நியூயார்க். கப்பலில் வந்து இறங்குகிற ஐரிஷ்காரனுக்கு மொழி புதுசு, ஊர் புதுசு, கையில் காசு இல்லை. டம்மனி ஹால் என்ற கட்சி அமைப்பின் ஆள் வந்து நிற்பான். குளிருக்கு நிலக்கரி கொடுப்பான், வேலை வாங்கித் தருவான், குடியுரிமைக்கு வழி காட்டுவான். பதிலுக்கு ஓட்டு. அதில் ஊழல் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் இருந்தான்.

அப்புறம் என்ன ஆச்சு? 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்தது. அரசாங்க வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பரீட்சைக்குப் போயிற்று. அதுவரை வாக்குச்சீட்டைக்கூடக் கட்சிகளே அச்சடித்து மக்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தன. 1888-க்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமாக ரகசிய வாக்குச்சீட்டு வந்தது. நல்ல மாற்றங்கள்தான். 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதம் செய்தார்கள். வேட்பாளரே வரவேற்பறைக்கு வந்தாச்சு. கதவைத் தட்டுகிற ஆள் எதுக்கு?

அதற்குப் பிறகு வியட்நாம் போர். வாட்டர்கேட். 1974 ஆகஸ்டில் ஜனாதிபதியே ராஜினாமா. 1964-இல், அரசாங்கம் பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பியவர் 100-க்கு 77 பேர். சமீப ஆண்டுகளில் அந்த எண் 20-ஐ ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்ட காலம் இது. 77 எங்கே, 20 எங்கே! இந்த நம்பிக்கையைத் தொலைத்தது மக்களா?

கதவைத் தட்டுவதைக் கட்சி நிறுத்தியது. வீட்டுக்குள்ளே சண்டை மூட்டுவதைத் தொடங்கியது. தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கேளுங்கள். 1960-இல் அமெரிக்கர்களிடம் கேட்டார்கள்: “உங்கள் பிள்ளை எதிர்க் கட்சிக்காரர் வீட்டில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா?” வருத்தம் என்றவர் 100-க்கு ஐந்து பேர் அளவில்தான். 2010-இல் இதே மாதிரிக் கேட்டார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வருத்தம் என்றார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர்களில் மூன்றில் ஒருவர். ஜாதகம் பார்க்காத தேசம் என்று நாம பெருமையாச் சொல்வோம். அங்கேயும் இப்போ பொருத்தம் பார்க்கிறாங்க, கட்சிப் பொருத்தம்! (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனால் எங்கள் ஊரில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் இரண்டு. இருபது வருஷமாக ஒரே காரில் கோயிலுக்குப் போனவர்கள். ஒரு தேர்தல் வந்தது. இன்றைக்கு ஒரு வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு இன்னொரு வீட்டார் வருவதில்லை. இரண்டு வீட்டுக்கும் போய் வருகிறவள் நான். என்னிடம் இரண்டு பேருமே கேட்பது ஒரே கேள்விதான்: “நீ எந்தப் பக்கம்?” சுண்டல் வாங்க வந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

இப்போது என் சொந்தக் கதை. என் சின்ன மகனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆசிரியை இருக்கிறார். அவர் தயவில் பையன் இன்றைக்கு வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கிறான். அந்த மாதிரி ஆசிரியர்களுக்குப் பணம் ஒதுக்குவதா, குறைப்பதா என்று முடிவு செய்வது பள்ளி நிர்வாகக் குழு. ஒன்பது பேர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற குழு. நான் வீட்டு வரி கட்டுகிறேன், அதில் பெரும் பங்கு பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. 2023 மே மாதம் முதற்கட்டத் தேர்தல். ஒவ்வொரு வேட்பாளரும் என்ன சொல்கிறார் என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். குறிப்பு எழுதினேன். பட்டுப்புடவைதான் கட்டவில்லை, மற்றபடி கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போனேன். (சிரிப்பு)

மேசையில் ஒரு வயதான அம்மா. ரொம்ப மரியாதையானவர். பதிவேட்டைப் பார்த்தார். “நீங்கள் எந்தக் கட்சியிலும் பதியவில்லையே அம்மா” என்றார். ஆமாம் என்றேன். “அப்படியென்றால் இன்றைக்கு உங்களுக்கு ஓட்டு இல்லை. நவம்பரில் வாருங்கள்” என்றார். அவர் மேல் தப்பில்லை. எங்கள் மாநிலச் சட்டம் அது. கட்சிகளின் முதற்கட்டத் தேர்தலில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். இப்படி வெளியே நிற்கிறவர்கள் பென்சில்வேனியாவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல்.

சரி, நவம்பரில் போகலாம் என்று திரும்பி வந்தேன். நவம்பரில் போனால் என்ன? எங்கள் மாநிலத்தில் பள்ளிக் குழுவுக்கு நிற்கிறவர் இரண்டு கட்சிச் சீட்டிலும் பேர் கொடுக்கலாம். மே மாதமே இரண்டிலும் ஜெயித்துவிட்டால், நவம்பரில் அவருக்கு எதிரே பெரும்பாலும் ஆளே இருக்காது. எங்கள் வட்டாரத்தில் அதுதான் நடந்தது. எத்தனை இடமோ அத்தனை பேர். நான் ஒரு வாரம் படித்து வைத்த குறிப்பு என் கைப்பையிலேயே இருந்தது. என் பிள்ளையின் பேச்சுக்கு யார் பொறுப்பு என்பதை முடிவு செய்த நாளில் எனக்குப் பேச உரிமை இல்லை நடுவர் அவர்களே! (நீண்ட கைதட்டல்)

அண்ணன் கேட்பார்: “ஏதாவது ஒரு கட்சியில் பதிய வேண்டியதுதானே? 15 நாளைக்கு முன்னால் ஒரு படிவம்தானே?” அண்ணே, படிவம் சின்னதுதான். ஆனால் அதற்குக் கீழே போடுகிறது என் கையெழுத்து. நம்பாத ஒன்றை நம்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் என் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குள்ளே நான் போகணுமா?

இதில் இன்னொரு வினையும் இருக்கிறது. 2022 முதற்கட்டத் தேர்தல்களில் நாடு முழுக்க ஓட்டுப் போட்டவர் தோராயமாக ஐந்தில் ஒருவர். வருகிறவர் யார்? கட்சியில் ஊறியவர், கோபக்காரர். வேட்பாளர் யாரைத் திருப்திப்படுத்துவார்? வந்தவரை. ஒரே கட்சிக்குச் செல்வாக்குள்ள தொகுதியில் அங்கே ஜெயித்தால் நவம்பரிலும் ஜெயித்தமாதிரிதான். ஆக, சத்தம் கூடுகிறது. சத்தத்தைக் கேட்டு இன்னும் நாலு பேர் வெளியே போகிறார்கள். உள்ளே இருக்கிறவர் சத்தம் மேலும் கூடுகிறது. இந்தச் சக்கரத்தைச் சுற்றுவது வெளியே போனவனா?

“புதுக் கட்சி ஆரம்பிக்கலாமே” என்பார்கள். 1992-இல் ராஸ் பெரோ சுயேச்சையாக ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு. ஒரு கோடியே 97 லட்சம் பேர்! ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற தேர்வாளர் வாக்கு எத்தனை கிடைத்தது தெரியுமா? பூஜ்யம். மாநிலத்தில் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்றால், மூன்றாவதாக வருகிறவனுக்குப் பந்தியில் இலையே கிடையாது. அதனால்தான் 17-ம் 13-ம் ஏதோ ஒரு பக்கம் சாய்கிறார்கள். பசிக்கிறவன் கிடைக்கிற இலையில் உட்காருகிறான். சமையல் பிடித்துப் போய் உட்காரவில்லை!

கதவைத் திறக்க முடியாதா? முடியும். 2010-இல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டே சட்டத்தை மாற்றினார்கள். சட்டமன்றத்துக்கும் காங்கிரசுக்கும் நிற்கிற எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில். எந்த வாக்காளரும் யாருக்கும் போடலாம். முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போகலாம். அதிலும் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் வாசலில் நின்று “நீ எந்தக் கட்சி?” என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் எந்தக் கட்சியிலும் சேராதவர். 1796-இல் பதவியை விட்டு விலகும் முன் நாட்டு மக்களுக்கு எழுதிய விடைபெறும் உரையில், கட்சி வெறி பற்றி எச்சரித்துவிட்டுத்தான் போனார். கட்சி சாராதவன் பொறுப்பில்லாதவன் என்றால், அண்ணே, அந்த நாட்டைத் தொடங்கி வைத்தவரையே பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிட்டுப் போங்கள்! (கைதட்டல்)

நான் ஒதுங்கிவிடவில்லை. பள்ளிக் குழுக் கூட்டம் பொதுக்கூட்டம், யாரும் போகலாம். போகிறேன். கடைசியில் பொதுமக்கள் பேச நேரம் தருகிறார்கள். போன தடவை என் மகனையும் கூட்டிப்போனேன். “அம்மா, நான் பேசட்டுமா?” என்று கேட்டான். திக்கித் திக்கித்தான் பேசினான். தன் ஆசிரியை பேரை மட்டும் திக்காமல் சொன்னான். ஒன்பது பேரும் கேட்டார்கள். அவனிடம் யாரும் கட்சி கேட்கவில்லை. (நீண்ட கைதட்டல்)

குறையை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், பகைவன் இல்லாமலே கெட்டுப்போவான் என்று நம் வள்ளுவர் அன்றைக்கே எச்சரித்தார். எடுத்துச் சொல்ல 100-க்கு 43 பேர் வாசலில் காத்திருக்கிறார்கள். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. உள்பக்கத் தாழ்ப்பாளை வெளியே நிற்கிறவன் போட முடியுமா என்பதை மட்டும் யோசித்து, கட்சிகள் மக்களை விட்டு விலகியதே காரணம் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.