அயல்நாட்டு நகரங்களில் கண்டவை



வெளிநாடு சென்று திரும்பியவரைக் கண்டதும் நாம் கேட்கும் முதற் கேள்வி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்வி, "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பது. இவ்விரண்டுக்கும் விடை சொல்வது எளிது. முதற் கேள்விக்குப் புகைப்படங்களைக் காட்டிவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பெட்டியைத் திறந்துவிடலாம். ஆனால் நான் முதன்முதலாக அயல்நாட்டுக்குப் புறப்பட்டபோது, தில்லியில் என் பக்கத்து வீட்டில் வசித்துவரும் பெரியவர் ஒருவர் வேறொரு கேள்வியைக் கொடுத்து அனுப்பினார். அவர் லாகூரில் பிறந்த பஞ்சாபியர். எண்பது வயதைக் கடந்தவர். தமக்கு ஒன்றும் வாங்கி வரவேண்டாம் என்றார். "நீங்கள் போகும் ஊர்க்காரர்கள் எதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், எதை இழந்துவிட்டார்கள் என்பதை மட்டும் பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

அன்று அக்கேள்வியின் பொருள் எனக்கு முழுவதும் விளங்கவில்லை. ஆயினும் அதன்பின் சென்ற ஊர்களில் எல்லாம் அது என்னுடனேயே வந்தது. வானளாவும் கட்டடங்களும் பெரிய கடைவீதிகளும் இன்று எல்லா நாடுகளிலும் ஒரே சாயலில் இருக்கின்றன. அவற்றைக் காண்பதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஒரு நகரத்தின் தனிக் குணத்தை அறிய வேண்டுமானால், பெரியவரின் கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்பது என் அனுபவம். அவ்வாறு கேட்டபோது நன்றாக விடை சொன்ன மூன்று நகரங்களைப் பற்றி இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

முதலாவது, துருக்கியிலுள்ள இஸ்தான்புல். ஒரு கால் ஐரோப்பாவிலும் மறுகால் ஆசியாவிலும் ஊன்றி நிற்கும் நகரம் அது. இரண்டு கரைகளுக்கும் நடுவே பாஸ்பரஸ் ஜலசந்தி ஓடுகிறது. 1973ஆம் ஆண்டில் அதன்மீது பாலம் கட்டினார்கள். 2013இல் கடலுக்கு அடியில் ரயில் பாதையும் வந்துவிட்டது. இருந்தபோதிலும் படகில் கடப்பதே இன்பம். ஏறத்தாழ இருபது நிமிஷங்களில் ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்துக்குப் போய்விடலாம். இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில் பால் கலவாத தேநீர் தருவார்கள். கடற்காகங்கள் படகைத் தொடர்ந்து பறந்து வரும். உத்தியோகத்துக்குப் போகிறவர்கள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவர்களுக்கு அது அன்றாடப் பயணம். நமக்கோ பூகோளப் புத்தகத்தின் ஒரு பக்கம் உயிர் பெற்றது போன்ற காட்சி.

அந்நகரின் மகுடம் ஹேகியா சோபியா. ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 532ஆம் ஆண்டு தொடங்கி 537இல் முடித்த கிறிஸ்தவ தேவாலயம் அது. அதன் குவிமாடம் சுமார் 31 மீட்டர் குறுக்களவு உடையது. ஒருமுறை நிலநடுக்கங்களால் பலவீனமுற்றுச் சரிந்தது, மீண்டும் எழுப்பினார்கள். 1453இல் துருக்கியர் நகரைக் கைப்பற்றியபோது அது மசூதியாயிற்று. வென்றவர்கள் அதை இடித்துத் தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுவர்களிலிருந்த கிறிஸ்தவ ஓவியங்களைக் காலப்போக்கில் சுண்ணச் சாந்தினால் மூடினார்கள். ஆனால், சினான் என்ற பெருஞ்சிற்பியைக் கொண்டு, பதினாறாம் நூற்றாண்டில் கட்டடத்துக்கு வலுவான முட்டுச் சுவர்களையும் எழுப்பினார்கள். கடந்த நூற்றாண்டில் அது பொருட்காட்சிசாலையாக மாறியது. மூடிய ஓவியங்கள் வெளிப்பட்டன. 2020 முதல் மறுபடியும் மசூதியாக இருந்து வருகிறது. அம்மாற்றத்தைப் பற்றி உலகில் அபிப்பிராய பேதம் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது ஒரு யாத்திரிகனின் வேலை அன்று. நான் கண்டது இதுதான்: ஒவ்வொரு தலைமுறையும் அக்கட்டடத்தைத் தன்னுடையதென்று உரிமை கொண்டாடியது, அந்த உரிமையினாலேயே பழுது பார்க்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் அது நிற்பதன் ரகசியம் அதுவே.

கடலடி ரயில் பாதைக்காக நிலத்தைத் தோண்டியபோது, யெனிகாபி என்ற இடத்தில் பழைய துறைமுகம் ஒன்று தென்பட்டது. 30க்கும் மேற்பட்ட பழங்காலக் கப்பல்கள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. அவற்றை ஆராய்ந்து எடுப்பதற்காக ரயில் வேலை ஆண்டுக்கணக்கில் தாமதமாயிற்று. ரயிலை எதிர்பார்த்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கப்பல்களும் வெளிவந்தன, ரயிலும் ஓடுகிறது.

இரண்டாவது நகரம், போலந்து நாட்டின் தலைநகரான வார்ஸா. அழகான நகரங்களின் வரிசையில் இதை முன்னணியில் வைப்பவர் சிலரே. எனினும் என் மனத்தை மிகவும் உருக்கிய நகரம் இதுதான். 1944 ஆகஸ்டு முதல் தேதியன்று, ஜெர்மானிய நாஜி ஆட்சியை எதிர்த்து இந்நகர மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 63 நாட்கள் போராடித் தோற்றார்கள். பிறகு நாஜிகள் மக்களை வெளியேற்றிவிட்டு, தெருத் தெருவாக நெருப்பு வைத்தும் வெடி வைத்தும் நகரை அழித்தார்கள். 1945 ஜனவரியில் எஞ்சியிருந்தது பெரும்பாலும் செங்கல் குவியலே.

இன்று அந்தப் பழைய நகரச் சதுக்கத்தில் போய் நின்றால், பல வர்ணம் பூசிய குறுகிய உயர்ந்த வீடுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அவை இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் கட்டப்பட்டவை. எப்படிக் கட்டினார்கள்? யுத்தத்துக்கு முன்பும் யுத்தத்தின் போதும் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் வீடு வீடாக அளந்து வரைந்த படங்கள் இருந்தன. உயிருக்கு அஞ்சாமல் அப்படங்களை மறைத்துக் காத்திருந்தார்கள். அத்துடன், பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்து அரசருக்காக வரைந்த நகரக் காட்சிகளும் வழிகாட்டின. இடிபாடுகளிலிருந்து பொறுக்கி எடுத்த கற்களையும் சிற்பத் துண்டுகளையும் முடிந்தவரை மீண்டும் பதித்தார்கள். 1953இல் சதுக்கம் மறுபடி திறக்கப்பட்டது. அரசர் மாளிகையோ 1971இல் தொடங்கி 1984 வரை எழுந்தது. அதற்கு மக்கள் மனமுவந்து நன்கொடை அளித்தனர். 1980இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் இப்பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பழமைக்காக அல்ல, மீட்டெடுத்த முயற்சிக்காக.

ஆனால் பெரியவரின் கேள்விக்கு மறுபாதியும் உண்டல்லவா? சதுக்கத்திலிருந்து சற்றுத் தொலைவு நடந்தால் முரானோவ் என்ற பகுதி வரும். சாதாரணமான அடுக்கு வீடுகள்; மரங்கள்; குழந்தைகள் விளையாடும் இடங்கள். சில வீடுகள் மேட்டின்மீது நிற்பதைக் கண்டு, ஏன் என்று விசாரித்தேன். காலுக்கடியில் இருப்பது இடிபாடு என்றார்கள். நாஜிகள் லட்சக்கணக்கான யூத மக்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ அங்கேதான் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 1943இல் அவர்கள் எதிர்த்துப் போரிட்டதும், அப்பகுதி முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே பழைய வீதிகளை அப்படியே மீண்டும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் குடியேறுவதற்கு அந்த மக்கள் இல்லை. கற்களைத் திரும்ப அடுக்கலாம். மனிதரைத் திரும்பக் கொணர இயலாது. இன்று அங்கே போலந்து யூதர்களின் வரலாற்றைக் கூறும் பொருட்காட்சிசாலை ஒன்று நிற்கிறது. சதுக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் வார்ஸாவின் பாதியைத்தான் பார்த்தவராவார்.

மூன்றாவது நகரம் ஜப்பானிலுள்ள ஹிரோஷிமா. வார்ஸா இடிந்ததைக் கட்டிய நகரம் என்றால், ஹிரோஷிமா இடிந்த ஒன்றை இடிந்தபடியே காத்த நகரம். 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி காலை எட்டேகால் மணிக்கு விழுந்த அணுகுண்டினால், அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். நகரின் நடுவே, ஒரு செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வரைந்த திட்டப்படி 1915இல் கட்டிய தொழில் வளர்ச்சி மண்டபம் இருந்தது. குண்டு அதற்கு மிக அருகில், வானில் வெடித்தது. உள்ளே இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை. குவிமாடத்தின் இரும்புச் சட்டமும் சில சுவர்களும் மட்டும் நின்றன.

அந்த இடிபாட்டை என்ன செய்வது என்பதில் ஊரார் ஒருமனப்படவில்லை. அதைப் பார்க்கும்தோறும் நெஞ்சு எரிகிறது, அகற்றிவிடுங்கள் என்றனர் சிலர். அகற்றினால் உலகம் மறந்துவிடும் என்றனர் வேறு சிலர். குண்டின் கதிர்வீச்சுக்குக் குழந்தைப் பருவத்தில் ஆளாகி, 1960இல் ரத்தப் புற்றுநோயால் இறந்த மாணவி ஒருத்தியின் நாட்குறிப்பு, காக்க வேண்டும் என்ற கட்சிக்கு வலுவூட்டியது. 1966இல் நகர சபை அதை என்றென்றும் பாதுகாப்பதெனத் தீர்மானித்தது. நன்கொடை திரட்டிப் பழுது பார்த்தார்கள். இடிபாட்டுக்குப் பழுது பார்ப்பதா என்று நாம் வியக்கலாம். மேலும் இடியாமல் இருப்பதற்கே இடைவிடாத உழைப்பு வேண்டும் என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். எதிரிலுள்ள அமைதிப் பூங்கா முன்பு கடைகளும் வீடுகளும் நெருங்கிய பேட்டை. நமது பிரதமராயிருந்த நேருவும் 1957இல் அந்நகருக்கு வந்து சென்றார்.

ஹிரோஷிமாவை ஒரு துக்க வீடாக மட்டும் நினைத்துக்கொண்டு போகவேண்டாம். ஆறுகள் கிளை பிரிந்து பாயும் பசுமையான ஊர் அது. டிராம் வண்டிகள் மணியடித்துக்கொண்டு ஓடுகின்றன. குண்டு விழுந்த மூன்றாம் நாளே, ஒரு சிறு தூரத்துக்கு டிராம் மீண்டும் ஓடியதாம். அன்று அதில் ஏறியவர்கள் எங்கே போக ஏறினார்களோ! ஆயினும் வண்டி ஓடுகிறது என்பதே அவர்களுக்கு ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி, யாத்திரை செய்ய விரும்புவோருக்கு ஓரிரு வார்த்தைகள். பத்து நாட்களில் ஏழு நாடுகளைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். ஓர் ஊரில் நான்கு நாட்களாவது தங்குங்கள். போவதற்கு முன் அவ்வூரின் சரித்திரத்தைக் கொஞ்சம் படியுங்கள். பேருந்திலும் டிராமிலும் படகிலும் ஊராரோடு செல்லுங்கள். காலையில் சந்தைக்குப் போங்கள். மகாத்மா காந்தியைப் பற்றிய ஆவணப் படத்துக்காக ஊர் ஊராகத் திரிந்து, 1940இல் அதை முடித்த ஏ. கே. செட்டியாரைத் தமிழ் வாசகர் அறிவர். ஒரு நோக்கத்தோடு போகிறவனுக்கு உலகம் கதவைத் திறக்கும் என்பதற்கு அவர் சாட்சி. நோக்கம் அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டியதில்லை. ஒரு நல்ல கேள்வி போதும்.

திரும்பி வந்ததும் நான் கண்டவற்றைப் பெரியவரிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பழைய கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா?" என்றார். தில்லியில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். மதுரா சாலை வழியே எத்தனையோ முறை போயிருக்கிறேன். கோட்டை வாசலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னை அழைத்துச் சென்றார். ஹுமாயூன் 1556இல் படிகளில் தவறி விழுந்து உயிர் துறந்த சிறு மண்டபத்தைக் காட்டினார். தொல்பொருள் இலாகா தோண்டியபோது மௌரியர் காலம் வரையில் குடியிருப்பின் சுவடுகள் கிடைத்த இடத்தைக் காட்டினார். பிறகு மதிற்சுவரை ஒட்டிய ஓர் இடத்தில் நின்றார். தேசப் பிரிவினையின் போது, 1947இல், இந்தக் கோட்டை அகதிகள் முகாமாயிருந்தது. பாகிஸ்தானுக்குப் புறப்பட்ட முஸ்லிம்கள் முதலில் இங்கே தங்கினார்கள். அங்கிருந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் பின்னர் தங்கினார்கள். "என் தாயார் இந்தச் சுவர் ஓரத்தில்தான் அடுப்பு மூட்டினாள். நாங்கள் வருவதற்கு முன் இதே இடத்தில் யார் அடுப்பு மூட்டினார்களோ, அவர்கள் லாகூரில் எங்கள் தெருவுக்கே போயிருக்கலாம்" என்றார். அந்த இடத்தில் கல்வெட்டு ஒன்றும் இல்லை. புல் மட்டுமே வளர்ந்திருந்தது.

மூன்று நகரங்களைச் சுற்றிய பின்னரே, என் வீட்டிலிருந்து அரைமணி நேர வழியிலுள்ள அந்தச் சுவர் என் கண்ணில் பட்டது. வெளிநாட்டு யாத்திரையின் பயன் என்னவென்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். போங்கள், பார்த்து வாருங்கள். திரும்பியதும், உங்கள் தெருவிலுள்ள மிக வயதானவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, உங்கள் ஊரையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.